ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு பழைய வீடு

பெங்களூரிலிருந்து வார விடுமுறைக்குப் புதுச்சேரி செல்வோர் பெரும்பாலும் கடற்கரைச் சாலையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் கண்டு திரும்பிவிடுவர். நாங்களும் பலமுறை அவ்வாறே திரும்பியவர்கள்தாம். இம்முறை பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே நடந்தோம்.

புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர் வரைந்ததாகவே பலரும் எண்ணுகின்றனர். 1693 முதல் 1699 வரை நகரம் டச்சுக்காரர் வசம் இருந்தது. அடிப்படை வரைபடம் அவர்களுடையது. பின்னர் அதை விரிவாக்கிக் கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர். வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியரும் மேற்கே தமிழரும் வாழ்ந்தனர்.

அந்த மேற்குப் பகுதியில், பெரிய மார்க்கெட்டின் அருகே, ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. சென்னைப் பெரம்பூரில் 1709இல் பிறந்த இவர், ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக உயர்ந்தவர். ‘ஆனந்தப் புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளர். வீட்டின் கீழ்த்தளம் மரத்தூண்களும் முற்றமுமாகத் தமிழ் முறையில் அமைந்தது. மேல்தளமோ சுண்ணாம்புச் சாந்து பூசிய தூண்களுடன் பிரெஞ்சுப் பாணியில் எழுந்தது. உடைமையாளரின் வாழ்க்கையும் இவ்விரு தளங்களைப் போன்றதே.

1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பே அவரை நமக்குத் தருகிறது. கப்பல் வரவு, துணிக் கட்டுகள், வராகன் கணக்கு, யாருக்கு யார் என்ன நசர் கொடுத்தார் என்பது வரை அதில் உண்டு. மாலைதோறும் ரொக்கத்தைச் சரிபார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தக் கண்டிப்பு மிகவும் நெருக்கமாகத் தோன்றியது. பதவி போய், உடல் நலிந்த பின்னும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1761 சனவரியில் அவர் காலமானார். அதே மாதத்தில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. தொடர்ந்து நகரமே இடிக்கப்பட்டது. நாட்குறிப்பு 1846இல்தான் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது.

அன்று பீரங்கி செய்த வேலையை இன்று மழை செய்கிறது. 2014 நவம்பரில் கடற்கரையிலிருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அது அரசுக் கட்டடம். தனியார் வீடுகளுக்கு அத்தகைய பேறு அரிது. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கோ கூலி அதிகம்.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு பத்திரத்தில் இருப்பதை எங்கள் மேசையில் கண்டிருக்கிறோம். (இவ்வீட்டைக் குறித்து இதைக் கூறவில்லை.) தாத்தா காலத்து வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் கேட்டு வருவோரிடம் பாகப்பிரிவினை ஆவணம் இராது, வாரிசுகளுள் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், கையொப்பம் வந்து சேர்வதற்குள் கூரையின் மர உத்தரம் ஒன்று இறங்கிவிடும். பழைய வீடு உடைய வாடிக்கையாளர்கள் வாரிசுச் சான்றிதழையும் வில்லங்கச் சான்றையும் மழைக்காலத்திற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

மாளிகையினுள் முன் அனுமதியின்றிச் செல்ல இயலாது. வீதியில் நின்றே மேல்தளத் தூண்களைச் சிறிது நேரம் பார்த்தோம். பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர் மணியடிக்கவே, வழிவிட்டு நகர்ந்தோம்.