வனத்தோரத்தில் ஒரு வானத்துத் தட்டு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில் அமைந்த வில்கமுவ, மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடரும் கிழக்கே மகாவலி கங்கையும் காவல் நிற்க, வயலும் காடும் கலந்து விளங்கும் பிரதேசமாகும். 1984ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவ வனம் இதனை அடுத்துள்ளது. யானைகளைக் காணும் ஆவலுடன் இப்பக்கம் வருவோர், படுக்கையும் அடுப்பும் பொருந்திய வண்டியிலோ கூடாரத்திலோ இரவைக் கழிக்கக்கூடும். அவர்கள் தம்முடன் சிறு டிஷ் அன்ரனா ஒன்றையும் கொண்டு சென்றால், “காட்டுக்கு வந்தும் தொலைக்காட்சியா?” என்று நகைப்பாரும் உளர். குழந்தை குட்டிகளுடன் தங்கும் குடும்பத்தினருக்கு மாலைச் செய்தியும் வானிலை அறிவித்தலும் வீண் பொழுதுபோக்கல்ல என்பதே நமது கருத்து.

இத்தட்டுக்கும் இலங்கைக்கும் பழைய உறவொன்று உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதி, பூமியுடன் ஒத்துச் சுழல்வதால் வானில் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும்; அத்தகைய செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும் வரை அவர் இந்நாட்டையே தமது இல்லமாகக் கொண்டார். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை இந்தியா சுமார் 2,400 கிராமங்களுக்குச் செய்மதி மூலம் நிகழ்ச்சிகளை அனுப்பிப் பரிசோதனை நடத்தியபோது, கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் ஒரு தட்டை நிறுவிக் கொடுத்தது.

அன்று அக்கிராமங்களில் நின்ற தட்டுக்கள் கம்பி வலையாலானவை. 3 மீற்றர் அகலமுடையவை. இன்று 60 சென்ரிமீற்றர் தட்டே போதுமானதாயிற்று. செய்மதியின் வலு பெருகியது ஒரு காரணம். அலையின் நீளம் குறுகியது மற்றொரு காரணம். அன்றைய அலை ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் நீளமானது. இன்றையதோ சுமார் 2½ சென்ரிமீற்றரே. இந்தக் குறுகிய அலையின் குணத்தை வாசகர்கள் மனதிற் கொள்ளவேண்டும். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இனி, தட்டை நிறுவும் முறையைக் கவனிப்போம். இலங்கையின் டயலொக் தொலைக்காட்சி, கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கும் செய்மதியின் வாயிலாக வருகிறது. வில்கமுவவிலிருந்து நோக்கினால் அது மேற்கிலிருந்து சுமார் 10 பாகை தெற்கே விலகி, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 48 பாகை உயரத்தில் உள்ளது. மார்ச்சு நடுவிலும் செப்டெம்பர் இறுதியிலும் பிற்பகல் 3 மணியையொட்டிச் சூரியன் நிற்கும் இடமும் அதுவே. நக்கிள்ஸ் சிகரங்கள் இவ்வுயரத்தை எட்டி மறைப்பதில்லை. மறைப்பவை அருகிலுள்ள மரங்களே. அத்திசையில் உள்ள மரம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரமேனும் தட்டு தள்ளி நிற்கவேண்டும்.

திசைகாட்டியை வண்டியின் இரும்புக்கு அப்பால் வைத்தே பார்க்கவேண்டும். தட்டின் கால் சரிமட்டமாக நிற்பது அவசியம். சாதாரணமாக விற்பனையாகும் தட்டு, முகம் காட்டும் உயரத்தினும் மேலான இடத்திலிருந்தே அலையைப் பெறுவதால், அது குனிந்திருப்பதாக எண்ணி நிமிர்த்தலாகாது. இரண்டு பாகை பிசகினாலும் படம் வராது. பெட்டி அலையை இனங்காணச் சில விநாடிகள் எடுக்குமாதலால், அணுவணுவாகத் திருப்பிப் பொறுத்திருந்து பார்ப்பதே உத்தமம். இவ்வேலையனைத்தும் பொழுது சாயுமுன் முடிந்துவிடவேண்டும்.

இப்போது அந்தக் குறுகிய அலைக்கு வருவோம். தட்டைச் சிறிதாக்கிய அதே குணம், பெருமழையில் அதனைச் செயலிழக்கவும் செய்கிறது. மழைத்துளிகள் இவ்வலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. ஐப்பசி முதல் தை வரை இப்பகுதியில் மழை கொட்டும் இரவுகளில், எச்சரிக்கை மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே படம் மறைந்துவிடலாம். அவ்வேளை தட்டு காற்றில் அசைந்ததோ என ஐயுற்று, டோர்ச்சு விளக்குடன் வெளியே ஓடுவது இயல்பு. ஆனால் வில்கமுவவின் இருள் யானைகள் நடமாடும் இருள். பயிரையும் உயிரையும் காக்க இவ்வூர் விவசாயிகள் படும் பாடு நாடறிந்தது. ஊரவரே அஞ்சும் வேளையில் விருந்தினர் ஒரு படத்துக்காக வெளியேறுவது மதியீனமாகும். மழை தணிந்ததும் படம் தானே திரும்பும். திரும்பாவிடில், விடிந்தபின் திருத்தலாம்.

ஆகவே, தட்டுடன் பற்றரியில் இயங்கும் சிறு வானொலி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் அலை நீளமானது. மழைக்கு அவ்வளவாக அஞ்சாதது. தட்டு மௌனமாகும் இரவில், வண்டிக் கதவைத் திறவாமலே நாட்டின் செய்தியைக் கேட்டு அறியலாம்.