டிராக்டர் கொட்டகையும் வண்டிப்பாதையும்: மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

நாற்று தயாராக இருக்கும் நாளில் டிராக்டர் நின்றுவிட்டால் நடவு தள்ளிப்போகும். அந்த வாரத்தில் மெக்கானிக்குக்கும் ஓய்வு இருக்காது, வாடகை வண்டியும் எளிதில் கிடைக்காது. கிரீஸ் காணாத பேரிங், அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், தளர்ந்த போல்ட் என்று பழுது சிறியதாகவே இருக்கும். மெக்கானிக் கிடைத்தாலும் சேறான பாதையில் அவர் வீடு வந்து சேர வேண்டும். அதனால் கொட்டகையையும் பாதையையும் ஒரே வேலையாகத் திட்டமிடுவது நல்லது. இரண்டையும் கெடுப்பது தேங்கும் தண்ணீர்தான்.

கொட்டகை அமைப்பு

டிராக்டர் சுமார் 6 அடி அகலமும் 12 அடி நீளமும் இருக்கும். சுற்றி நின்று வேலை செய்ய 14க்கு 20 அடி கொட்டகை போதும். வாசல் 10 அடி அகலம் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கும் பக்கம் வாசல் வேண்டாம். தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஒரு அடி உயர்த்தி, ஜல்லி போட்டுத் திமிசு அடித்து, மேலே 5 அங்குலம் கான்கிரீட் போடலாம். வாசலை நோக்கி 2 அங்குலம் சரிவு கொடுத்தால் கழுவிய தண்ணீர் நிற்காது.

முதலில் வாங்க வேண்டியவை: ஸ்பேனர் செட், கிரீஸ் கன், ஜாக்கி, பெஞ்ச் வைஸ், டயர் காற்று அளக்கும் கேஜ். வெல்டிங் மெஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆயில் மாற்றிய தேதியையும் மணி மீட்டர் அளவையும் சுவரில் எழுதி வையுங்கள்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

பம்புசெட்டுக்குத் தரப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து கொட்டகைக்கு ஒயர் இழுக்கக் கூடாது. அது பாசனத்துக்கு மட்டும் உரியது. உரிய இணைப்பு பெற்று, எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். ஈரத் தரையில் நின்று கிரைண்டர் பிடிப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ஜாக்கியை மட்டும் நம்பி டிரெய்லருக்கு அடியில் படுக்காதீர்கள். அச்சுக்குக் கீழே கனமான மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். தூக்கி நிற்கும் கலப்பையைத் தரையில் இறக்கிய பிறகே கை வையுங்கள். டிராக்டரில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். டீசல் கேனை வேலை நடக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு வாளி மணல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பூச்சிமருந்துக்குக் குழந்தைகள் போகாத தனி அறையும் பூட்டும் அவசியம்.

பாதை

புல், வேர் நிறைந்த மேல்மண்ணை முதலில் வழித்தெடுங்கள். கரிசல் மண்ணில் நேரடியாக ஜல்லி கொட்டினால், மழையில் மண் இளகி ஜல்லியை விழுங்கிவிடும். சரளை மண்ணை 3 அங்குலம் வீதம் இரண்டு அடுக்காகக் கொட்டி, லேசாக நனைத்து, உருட்டி இறுக்கிய பிறகு ஜல்லி போடுங்கள்.

10 அடி அகலப் பாதையின் நடுப்பகுதி, ஓரங்களைவிட 3 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். பாசன வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் ஒரு அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் பதித்தால் தூர்வாருவது எளிது. சரிவான ஓரங்களில் வெட்டிவேர் நட்டால் மண் சரியாது.

பள்ளத்தில் சேறு இருக்கும்போதே மண் கொட்டுவது வீண். அடுத்த மழையில் அது அதே இடத்தில் குழைந்துவிடும். சேற்றை அள்ளி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, சரளையை அடுக்கடுக்காக நிரப்பித் திமிசு அடியுங்கள். கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைப் பாதையில் ஓட்டாதீர்கள், வயலிலேயே கழற்றிவிடுங்கள். தூசி அடங்கட்டும் என்று பழைய ஆயிலைப் பாதையில் ஊற்றினால், அது மழையோடு வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் போகும். கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

எப்போது செய்வது?

கோடையில் கான்கிரீட், சரளை வேலைகளை முடித்துவிடலாம். புரட்டாசிக்குள் பக்க வாய்க்காலைத் தூர்வாரி, கூரை ஒழுக்கை அடைத்துவிட வேண்டும். முதல் நல்ல மழையின்போது குடையோடு பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் அடுத்த பள்ளம் விழும். அன்றே மண்வெட்டியால் வழி வெட்டிவிட்டால், பெரிய செலவு மிச்சமாகும்.