பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்: திரை சரியாக வர என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். இன்ஸ்டால் செய்வது சுலபம்தான். தலைவலி அதற்குப் பிறகு தொடங்குகிறது. திரையில் எழுத்துகள் பூதாகாரமாகத் தெரியும். விண்டோவை இழுத்தால் தவழ்ந்து வரும். வீடியோ விட்டு விட்டு ஓடும்.

என் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படித்தான் இருந்தது. கோர் 2 டுவோ பிராசசர், 4 ஜிபி ராம், என்விடியா ஜிஃபோர்ஸ் 8400 ஜிஎஸ் கார்டு. "கார்டு போய்விட்டது, போர்டும் பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்" என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார். ப்ளஸ் டூ படிக்கும் தங்கைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதால் சித்தப்பாவும் முப்பதாயிரத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். உண்மையில் கார்டில் ஒரு கோளாறும் இல்லை. டிரைவர்தான் வேலை செய்யவில்லை.

லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று கெர்னலுக்குள் இருக்கிறது. திரையின் ரெசல்யூஷனை அமைப்பதும் கார்டின் மெமரியைக் கவனிப்பதும் அதன் வேலை. மற்றது மேசா என்ற லைப்ரரி. படம் வரையச் சொல்லும் கட்டளைகளைக் கார்டுக்குப் புரியும்படி இது மாற்றித் தருகிறது. இரண்டில் ஒன்று கைவிட்டாலும் லினக்ஸ் நின்றுவிடாது. எல்எல்விஎம்பைப் என்ற சாஃப்ட்வேர் உள்ளே வந்து, திரையின் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரைக் கொண்டே வரையவைக்கும். பழைய பிராசசருக்கு இது தாங்காத சுமை.

எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். விஜிஏ என்று வரும் வரியில் உங்கள் கார்டின் பெயர் இருக்கும். அடுத்து மேசா யுட்டில்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்து, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓடவிடுங்கள். அதில் ரெண்டரர் என்ற வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பா வீட்டில் அப்படித்தான் இருந்தது.

காரணம் ஒரே ஒரு சொல்: நோமோட்செட். திரையைக் கார்டுக்கான டிரைவர் அமைக்க வேண்டாம் என்று கெர்னலுக்குச் சொல்லும் ஆணை இது. இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துவிட்டால் இதைச் சேர்ப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பலர் எடுப்பதில்லை. நமக்கு இன்ஸ்டால் செய்து தந்தவரும் எடுக்கவில்லை.

இதை நீக்கும்போது அவசரம் வேண்டாம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் ஆங்கில இ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் ஒரு முறைக்குத்தான். திரை கறுத்தால் அணைத்துப் போட்டால் போதும், பழைய நிலை வந்துவிடும். நன்றாக வந்தால், எடிசி ஃபோல்டரில் உள்ள டிஃபால்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் க்ரப் ஃபைலிலும் அந்தச் சொல்லை நீக்கி, அப்டேட் க்ரப் கட்டளையைக் கொடுங்கள். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் இதே முறைதான். எங்கள் கம்ப்யூட்டர் உடனே 1280க்கு 1024 என்ற சரியான அளவுக்கு வந்தது. ரெண்டரர் வரியில் என்வி98 என்று காட்டியது. இது நோவோ என்ற திறந்த மூல டிரைவர் கார்டை அடையாளம் கண்டு சொல்லும் பெயர்.

இந்த இடத்தில்தான் பலர் என்விடியாவின் சொந்த டிரைவரைத் தேடிப் போகிறார்கள். போகாதீர்கள். ஜிஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைக் கார்டுகளுக்கு 340 வரிசை டிரைவர்தான் பொருந்தும். அதன் கடைசி வெளியீடான 340.108 வந்தது 2019 டிசம்பரில். ஜிஃபோர்ஸ் 6, 7 கார்டுகளுக்கான 304 வரிசை 2017லேயே நின்றுவிட்டது. லினக்ஸ் கெர்னலோ தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் நோவோவை, மாற்றம் செய்பவர்களே கூடவே திருத்திவிடுகிறார்கள். வெளியே இருக்கும் மூடிய டிரைவரைத் திருத்த ஆளில்லை. எப்படியோ ஏற்றிவிட்டாலும் அடுத்த கெர்னல் அப்டேட்டில் கறுப்புத் திரை காத்திருக்கும். ஏற்கெனவே அதில் மாட்டியவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் லாகின் செய்து அந்த டிரைவரை நீக்கிவிடலாம்.

நோவோவுக்கும் குறை உண்டு. கார்டு தொடக்கத்தில் எந்த வேகத்தில் இருந்ததோ அதிலேயே பெரும்பாலும் ஓடும். விளையாட்டுப் பிரியர்களுக்கு இது போதாது. பாடம் படிக்க, டைப் செய்ய, பிரவுசர் பார்க்கத் தாராளம்.

இன்டெல் போர்டிலேயே கிராபிக்ஸ் உள்ளவர்கள் தனி டிரைவர் எதையும் தேட வேண்டாம், எல்லாம் லினக்ஸோடு வந்துவிடும். ஏடிஐ ரேடியான் எச்டி 4000 வரையிலான கார்டுகளைத் தன் முதன்மை டிரைவரிலிருந்து ஏஎம்டி 2012ல் விலக்கிவிட்டது. ஆனால் கெர்னலில் உள்ள ரேடியான் டிரைவர் இவற்றை நன்றாகவே ஓட்டுகிறது. டெபியனில் மட்டும் ஏஎம்டி கிராபிக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கார்டு அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் என்றால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டரையும் நிறுத்திப் பாருங்கள். யூடியூபில் 480 அளவுக்கு மேல் வைக்காதீர்கள். எங்கள் கம்ப்யூட்டரில் 720 வைத்தால் இன்னும் திணறுகிறது. 480ல் தங்கையின் பாட வீடியோக்கள் தடங்கலின்றி ஓடுகின்றன. முப்பதாயிரம் இன்னும் சித்தப்பாவிடமே இருக்கிறது.