ஜொகூர்த் தமிழாசிரியரும் ஒருங்குறி விசைப்பலகையும்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபொழுது, ஜொகூர் மாநிலத்தின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளும் மூடப்பட்டன. கூலாய், குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கும் ஜொகூர் பாருவின் நகர்ப்புறப் பிள்ளைகளுக்கும் பாடம் பெரும்பாலும் புலனத்தின் வழியே சென்று சேர வேண்டியதாயிற்று. இணைய வகுப்பைத் திறப்பதும் இணைப்பை அனுப்புவதும் சில நாள்களில் கைவரக்கூடியவை. தமிழாசிரியருக்கு இடர் வேறிடத்தில் இருந்தது. அனுப்பும் செய்தியைத் தமிழ் எழுத்தில் எழுதுவது எவ்வாறு என்பதே அது. இக்கட்டுரை அதனை விளக்க முனைகின்றது.

இடரின் வேர் பழைய எழுத்துருக்களில் உள்ளது. ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய எழுத்துருக்கள் பலவற்றில், உரோமன் எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களே கணினியினுள் பதிவாகும். திரையில் மட்டும் அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படும். அச்சிடும் வரை குறை தெரியாது. பல்லாண்டு அவ்வாறு தொகுத்த பயிற்சித்தாளைப் புலனத்திலோ முகநூலிலோ ஒட்டினால் போர்வை கழன்றுவிடும். பொருளற்ற குறிகளே எஞ்சும். இதற்கு அஞ்சியே தாளைப் படமாக்கி அனுப்புகின்றனர். மாணவன் படத்தைப் பார்க்கலாம். அதிலுள்ள சொல்லைப் படியெடுத்து இணைய அகராதியில் தேடுதல் அவனுக்கு எளிதன்று. விடையை அவன் உரோமன் எழுத்தில் எழுதி அனுப்பினாலோ லகர, ளகர, ழகர வேறுபாடு மறைந்துவிடுகிறது. திருத்தவேண்டிய பிழையே கண்ணுக்குப் புலப்படாமற்போவது சிறு குறையன்று.

ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. அதில் ஒவ்வொரு குறிக்கும் உலகெங்கும் ஒரே எண். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நின்றாலும், ககரம் முதலிலும் எகரக் குறி அதன் பின்னுமாகவே பதிவாகும். உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் எனத் தொல்காப்பிய நூன்மரபு கூறும் முறையும் இதுவே. தட்டச்சுப்பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய மூத்த ஆசிரியர்களுக்கு இம்மாற்றம் தொடக்கத்தில் தொல்லைதான்.

1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் இவ்வொழுங்கையே பின்பற்றுகிறது. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை அடுத்து இகரத்தை அழுத்தினால் ‘கி’ தோன்றும். ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னது தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். நகரத்தை அடுத்துத் தகரம் வரின் ‘ந்த’ ஆகும். இனவெழுத்துப் பாடத்திற்கு இதைவிட நல்ல துணைக்கருவி அரிது. மலேசியரான முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைமுறை உரோமன் ஒலிப்பின் வழியே இயங்குவதால் விரைவில் பழகும். ஆயினும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்99ஏ ஏற்றது என்பது என் கருத்து. தமிழை உரோமன் வழியாக எண்ணும் பழக்கம் அதில் இல்லை. அவருடைய செல்லினம் 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு இணைந்து வெளியிடப்பட்டது. பாலத்துக்கு இப்பால் ஜொகூர் பாருவிலும் அவ்வானொலி கேட்கிறது.

ஆகவே ஆசிரியர் பயிற்சி, சொந்தத் திறன்பேசியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். பழைய தாள்களை மாற்றிமென்பொருள் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றியபின் மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. குறிப்பாக ஔகாரத்தை நோக்குக. ‘மௌனம்’ என்பதன் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் பதிவாகி ‘மெளனம்’ என நிற்பதுண்டு. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடுபொறிக்கு அவை வேறு வேறு சொற்கள்.