எண்ணெய், காற்று, நீர்: படகுப்பொறியின் கோளாறுகளும் நம் சொற்களும்

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பாஹாங் படகுத்துறை அமைந்துள்ளது. தேசியப் பூங்காவின் கடற்கரைகளுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளும் மீன்பிடிக்கும் சிறு படகுகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. அவற்றின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்பட்டிருக்கும் பொறியை மலாய் மீனவர் 'என்ஜின் சங்குட்' என்பர். மாட்டித் தொங்குவதைக் குறிப்பது 'சங்குட்'. தமிழகத்தில் 'வெளிப்பொருத்து இயந்திரம்' எனவும் இலங்கையில் 'வெளியிணைப்பு இயந்திரம்' எனவும் அது வழங்குகிறது. இவ்வுரையில் 'வெளிப்பொறி' என்னும் சுருங்கிய வடிவை யாம் ஆள்கின்றோம்.

மொழியியல் கற்றவர்க்குப் படகுப்பொறியில் என்ன வேலை என்று மாணவர்கள் வினவலாம். எம் உறவினரான இளைஞர் ஒருவர்க்கு நேர்ந்ததே அதற்கு விடை. கரையிலிருந்து புறப்படுமுன் படகுக்காரர், "தம்பி, எண்ணெய் ஊத்திட்டியா?" என்று கேட்டார். "ஊத்திட்டேன், அண்ணே" என்றார் இளைஞர். அரைமணி நேரத்தில் பொறி கிறீச்சிட்டு நின்றது. வேறொரு படகு வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை இருவரும் அலையில் மிதந்தனர். உயிர்க்கு ஊறு இல்லை. ஆனால் உந்துதண்டும் உருளையும் உராய்ந்து கெட்டன. இளைஞர் ஊற்றியது பெட்ரோல். படகுக்காரர் கேட்டதோ பெட்ரோலுடன் கலக்கவேண்டிய மசகெண்ணெய். இருவரும் பொய்யுரைக்கவில்லை. ஒரு சொல் இரு பொருள் தந்தது, அவ்வளவே.

முதற்சொல்: எண்ணெய்

எள்ளின் நெய்யே எண்ணெய். பின்னர் அச்சொல் பொருள் விரிந்து தேங்காயெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் உரியதாயிற்று. மலேசியத் தமிழில் பெட்ரோலும் எண்ணெயே. பெட்ரோல் விற்குமிடம் 'எண்ணெய் நிலையம்'. மலாய்மொழியின் 'மிஞ்ஞாக்' என்னும் சொல்லும் இவை அனைத்தையும் குறிக்கும். ஆகவே இரு மொழியும் அறிந்த நம் இளைஞர்க்கு இம்மயக்கம் இயல்பாகவே நேர்கிறது.

பொறிக்கோ இவ்விரண்டும் வெவ்வேறு. நான்கடிப்புப் பொறியில் மசகெண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. ஈரடிப்புப் பொறிகள் பலவற்றில் அஃது இல்லை; பெட்ரோலுடன் கலந்து செல்லும் எண்ணெயே உள்ளுறுப்புகளை வழவழப்பாக்குகிறது. பொதுவான கலவை 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது 25 லிட்டர் கலத்துக்கு அரை லிட்டர். புதுப்பொறிக்குத் தொடக்கத்தில் கூடுதல் எண்ணெய் வேண்டும். உரிய அளவைச் செய்தோரின் கையேடே உரைக்கும். எண்ணெய் குறைந்தால் பொறி இறுகும். மிகுந்தால் புகை எழும், தீப்பொறிச் செருகியில் கரி படியும். 'பெட்ரோல்', 'கலவையெண்ணெய்' என்று இரு சொல்லாகப் பிரித்து வழங்கின் இத்தவறு நேராது.

இரண்டாம் சொல்: காற்று

எரிபொருள் செல்லும் வழியை முதலில் நோக்குவோம். கலத்திலிருந்து குழாய் வழியே கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழுக்கும், அங்கிருந்து வடிகட்டிக்கும், பின் சவ்வினால் இயங்கும் எரிபொருட் பம்புக்கும், இறுதியில் கார்புரேட்டருக்கும் அது செல்கிறது. கலத்தின் மூடியில் ஒரு சிறு காற்றுத் திருகு உண்டு. பெட்ரோல் வெளியேற வெளியேற அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். திருகு மூடியிருந்தால் பொறி சில நிமிடம் நன்றாக ஓடும். பிறகு விசை குன்றி நின்றுவிடும். கலத்தினுள் காற்று வேண்டும். குழாயினுள் காற்று கூடாது. "காத்து போகுதா பார்" என்று மட்டும் சொன்னால், எக்காற்று என்பது புதியவர்க்கு எவ்வாறு விளங்கும்?

பொறி நின்றவுடன் கயிற்றை மீண்டும் மீண்டும் இழுத்துக் களைப்பதினும் குமிழைத் தொட்டறிதல் நலம். குமிழ் ஒட்டித் தட்டையாகியிருந்தால் அடைப்பு அதற்கு முன்னே உள்ளது: காற்றுத் திருகு, கலத்தின் உறிஞ்சுமுனை, மடங்கிய குழாய் ஆகியவற்றை நோக்குக. எவ்வளவு அமுக்கியும் குமிழ் இறுகாவிடில், இணைப்பு வளையத்தின் வழியோ குழாய் வெடிப்பின் வழியோ காற்று நுழைகிறது. அல்லது குமிழின் உள்ளடைப்பான் பழுதாகியுள்ளது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால், அதன் மிதவையோடு இயங்கும் ஊசியடைப்பான் மூடவில்லை எனக் கொள்க. குமிழை அமுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் பொறி ஓடுமாயின் பம்பின் சவ்வையும் காற்றுக் கசிவையும் ஆராய்க. குமிழின் மேலுள்ள அம்புக்குறி பொறியை நோக்கியிருத்தல் வேண்டும்; அமுக்கும்போது அம்புமுனை மேல்நோக்கி இருந்தால் விரைவில் நிரம்பும்.

மூன்றாம் சொல்: நீர்

பாதி நிரம்பிய கலத்தின் வெற்றிடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகப் படியும். பெட்ரோலினும் நீர் கனமானது. ஆகவே அடியில் தங்கி, உறிஞ்சுமுனையை முதலில் அடையும். ஐயமிருப்பின் கலத்தின் அடியிலிருந்து சிறிது எடுத்து ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்துப் பார்த்தால், கீழே தனிப்படலமாக நீர் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இத்தொல்லை மிகும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவிவிட்டமையால், தமிழகக் கடலோரப் படகினரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

கார்புரேட்டரின் குறிப்புகள்

நீண்ட நாள் பயன்படுத்தாத பொறியில் பழம்பெட்ரோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். மெதுவோட்டத்தில் நின்று, வேக ஓட்டத்தில் சீராக ஓடினால் மெதுவோட்டத் துளை அடைபட்டிருக்கலாம். சோக்கை இழுத்து வைத்தால் மட்டும் ஓடினால் எரிபொருள் போதவில்லை என்பது பொருள். துளைகளைக் கம்பியால் குத்துதல் தவறு, அளவு மாறிவிடும். உரிய கழுவுநீர்மத்தாலும் அழுத்தக் காற்றாலுமே தூய்மை செய்தல் வேண்டும். எரிபொருட் கோளாறு பெரும்பாலும் விசையைச் சிறிது சிறிதாகக் குறைக்கும்; மின்பொறிக் கோளாறோ திடீரென நிறுத்தும். நோய்க்குறி அறிந்தபின்னரே மருந்து.

பேணும் முறை எளிது. கடலுக்குச் சென்று மீண்டபின் பொறியை நன்னீரில் ஓடவிடுக. பல நாள் நிறுத்திவைப்பதாயின், நன்னீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருட் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரிலுள்ளது தீரும்வரை இயக்குக. வடிகட்டியையும் இணைப்பு வளையங்களையும் காலந்தோறும் மாற்றுக. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியில் தங்கும். ஆகவே கலத்தைக் கரையில் வைத்து நிரப்புக; அருகில் புகைத்தல் ஆகாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

'கப்பல்' என்னும் சொல்லை மலாய்மொழிக்கு வழங்கியது தமிழ். அம்மொழியைப் பேசும் நம் பிள்ளைகள் கப்பலின் பொறியைப் பற்றித் தமிழில் ஐயமற உரைக்க இயலாமற் போவது முறையன்று. கலைச்சொல்லாக்கம் என்றதும் அகராதி அறையையே நினைக்கின்றோம். படகுத்துறையில் பணிபுரிவோர் நாள்தோறும் சொற்களை ஆக்கியும் கடன்பெற்றும் வருகின்றனர். மாணவர்கள் அங்குச் சென்று, ஒவ்வோர் உறுப்பையும் அவர்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் எனக் கேட்டு எழுதுக. ஒரு சொல் இரு பொருள் தருமிடத்தைச் சிவப்பு மையால் குறிக்க. அச்சொல்லுக்கு மாற்று எது என்பதை அப்பணியாளரிடமே கேட்டு முடிவு செய்க; அவர் வாயில் நிற்காத சொல் கடலில் உதவாது.

எம் உறவினரின் படகுக்காரர் இப்போது வேறுவிதமாகக் கேட்கிறார்: "தம்பி, பெட்ரோல் எவ்வளவு? கலவையெண்ணெய் எவ்வளவு?" இரண்டு வினாக்கள், இரண்டு எண்கள். அதன்பின் அப்பொறி எண்ணெயின்மையால் இறுகவில்லை.