மூன்று குற்றம், எத்தனை ஆண்டு சிறை?

ராயபுரத்தில் ஒருவர் இரவில் கிடங்கின் பூட்டை உடைத்துத் திருடுகிறார், தடுத்த வாட்ச்மேனையும் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பூட்டை உடைத்ததற்கு 3 ஆண்டு, திருட்டுக்கு 2, அடித்ததற்கு 1 என்று தீர்ப்பாகிறது. புழல் சிறையில் அவர் இருக்கப்போவது எத்தனை ஆண்டு? தீர்ப்பின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்றிருந்தால் 3 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக என்றால் 6.

ஒரே சம்பவத்தில் நடந்த குற்றங்களுக்குப் பெரும்பாலும் ஏககாலம்தான். ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி, நீதிபதி எதுவும் சொல்லாமல் விட்டால் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடின. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு, குற்றத்தின் கடுமையைப் பார்த்து இரண்டில் எது என்று நீதிபதியே உத்தரவிட வேண்டும் என்கிறது. தேவையான திருத்தம். ஒரு வரி விடுபட்டதற்காக ஒருவர் கூடுதல் ஆண்டுகள் சிறையில் கிடக்கக் கூடாது.

பலர் சிக்கிய வழக்கில் அவரவர் செய்ததைத் தனித்தனியே எடைபோட வேண்டும். வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கில், 2022 செப்டம்பரில் சென்னை போக்சோ நீதிமன்றம் 21 பேரில் 8 பேருக்கு ஆயுள் தண்டனையும், எண்ணூர் காவல் ஆய்வாளர் உட்பட 13 பேருக்கு 20 ஆண்டும் விதித்தது. ஒரே செயல் போக்சோவிலும் தண்டனைச் சட்டத்திலும் குற்றமானால், எதில் தண்டனை அதிகமோ அதன்படி மட்டுமே தண்டிக்கலாம் என்கிறது போக்சோ 42-ஆவது பிரிவு.

இரட்டை ஆயுள் என்றால்? தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற முத்துராமலிங்கம் வழக்கில், ஒரே சம்பவத்தில் நடந்த பல கொலைகளுக்கு ஆயுள் தண்டனைகளை அடுத்தடுத்து அனுபவிக்க உத்தரவாகியிருந்தது. ஆயுள் தண்டனை என்பது சாகும்வரை. அது முடிந்தபின் இன்னொன்று தொடங்க வழியில்லை என்று 2016-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒன்றில் தண்டனைக் குறைப்புக் கிடைத்தால் மற்றொன்று தானாகக் கரையாது.

அபராதத்துக்கு ஏககாலச் சலுகை கிடையாது. ஒவ்வொரு குற்றத்துக்குமான தொகையைத் தனித்தனியே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அனுபவிக்கும் சிறையும் ஏககாலத்தில் ஓடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தினக்கூலியில் ஓடும் குடும்பம் தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.