அடுத்த சீசன் வருவதற்குள் ஆர்வம் போய்விடுகிறதா?

ஆசை ஆசையாகப் பார்த்த வெப்சீரிஸ். அடுத்த சீசன் (தொடரின் ஒரு பாகம்) வந்ததும் போடுகிறீர்கள். பத்து நிமிடத்தில் கை செல்போனைத் தேடுகிறது. "இவன் போன தடவையே செத்துட்டான்ல?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறீர்கள்.

குறை உங்களிடமா? பெரும்பாலும் இல்லை. ‘சுழல்’ வெப்சீரிஸின் முதல் சீசன் 2022 ஜூனில் வந்தது. இரண்டாவது 2025 பிப்ரவரியில்தான் வந்தது. 2016-ல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ ஐந்து சீசன்களை முடிக்க 2025 ஆகிவிட்டது. அதில் சிறுவர்களாக வந்தவர்கள் முடிவதற்குள் இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் ரசனை மட்டும் அப்படியே இருக்குமா?

ஏன் இவ்வளவு தாமதம்? டிவி சீரியலில் ஒரு பக்கம் ஒளிபரப்பு, மறுபக்கம் படப்பிடிப்பு. வெப்சீரிஸில் பெரும்பாலும் மொத்த சீசனையும் எடுத்து, எடிட்டிங், கிராபிக்ஸ், டப்பிங் எல்லாம் முடித்த பிறகே வெளியிடுவார்கள். போதாக்குறைக்கு, 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் செய்த வேலைநிறுத்தம் பல தொடர்களைத் தள்ளிப்போட்டது.

ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பார்ப்பதும் காரணமா? ஓரளவுக்கு ஆமாம். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்கு மறுநாள் கதை நன்றாக நினைவிருந்தது. 140 நாள் கழித்துக் கேட்டபோது அவர்களுக்குத்தான் மறதி அதிகம். ரசித்ததும் இடைவெளி விட்டுப் பார்த்தவர்களைவிடக் குறைவுதான்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? நாளுக்கு ஒரு எபிசோட் போதும். ஆட்டோபிளே (அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதி) இருந்தால் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். அடுத்ததைப் பார்ப்பதா, படுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

புது சீசனுக்கு முன் பழையதை முழுக்கப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். ரீகேப் (முன்கதைச் சுருக்கம்) இருந்தால் பாருங்கள். கூடவே, போன சீசனின் கடைசி எபிசோடை மட்டும் போடுங்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு யார் மேல் பகை என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எபிசோடுகள் வாரம் ஒன்றாக வந்தால்? காத்திருக்கப் பிடிக்காவிட்டால் எல்லாம் வந்து முடியட்டும். முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிடக் கூடும்; அந்தத் தொல்லைக்குத் தயாராக இருங்கள்.

காத்திருக்கும் மாதங்களுக்கும் சந்தா கட்ட வேண்டுமா? அந்த ஒரு தொடருக்காகத்தான் என்றால் தேவையில்லை. மாதச் சந்தாவை ரத்து செய்துவிட்டு, தொடர் வந்ததும் மறுபடி சேரலாம். நெட்ஃபிளிக்ஸில் ரத்து செய்தாலும் பணம் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். நீங்கள் எதுவரை பார்த்தீர்கள் என்ற விவரமும் பல மாதங்களுக்கு அழியாமல் இருக்கும்.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லையா? இரண்டு எபிசோட் பாருங்கள். மூன்றாவதைப் போட மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருபது மணி நேரம் பார்த்தாயிற்றே என்று இன்னும் எட்டு மணி நேரத்தைக் கொடுத்தால், அந்த இருபதும் திரும்பி வராது. எட்டும் சேர்ந்து போகும்.